சிவப்புக் கோட்டுக்கு வெளியே இருப்பவர்களையும் எண்ணுங்கள்

பெறுநர்: இந்தியத் தலைமைப் பதிவாளரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையரும், பஞ்சாப் மாநிலக் கணக்கெடுப்பு இயக்குநரகம்.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவை ஆதார நேரமாக வைத்து இந்நாட்டு மக்கள் எண்ணப்படவிருக்கிறார்கள். பஞ்சாபின் எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும் கையில் கிடைப்பது இன்னமும் 2011-இன் கணக்குதான். அப்போது மாநிலத்தின் மக்கள்தொகை 2,77,43,338. அதில் நூற்றுக்கு 62 பேருக்கு மேல் கிராமத்தார். வருவாய்க் கிராமங்கள் 12,581 இருந்தாலும் ஆள் குடியிருந்தவை 12,168-தான். குடியிருப்புள்ள ஒரு கிராமத்தின் சராசரி மக்கள்தொகை 1,400-ஐ ஒட்டி வரும். அவ்வளவு சிறிய ஊரில் முப்பது பேர் விட்டுப்போனாலே நூற்றுக்கு இரண்டு பேர் கணக்கில் இல்லை என்று ஆகிவிடும். இந்த மடல் அந்த முப்பது பேரைப் பற்றியது.

பஞ்சாப் ஊர்க்கணக்கைப் பற்றித் தமிழில் ஏன் எழுத வேண்டும் என்று தோன்றலாம். மக்களவைத் தொகுதி மறுவரையறை குறித்து 2025 மார்ச்சில் சென்னையில் கூடிய முதல்வர்களில் பஞ்சாப் முதல்வரும் ஒருவர். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு பஞ்சாபில் 1.6, தமிழ்நாட்டில் 1.8. அறுபது வயதைக் கடந்தவர்களின் பங்கு 2011-லேயே அங்கே 10.3 சதவீதம், இங்கே 10.4. பிறப்பு குறைந்து முதுமை கூடிவரும் இந்த இரு மாநிலங்களுக்கும் வரப்போகும் எண்ணிக்கை ஒரே அளவுக்கு முக்கியம். அங்கே ஆள் விட்டுப்போவது எங்களுக்கும் கவலைதான்.

முதலில் ஊரின் அமைப்பைச் சொல்ல வேண்டும். பஞ்சாப் கிராமம் ஒவ்வொன்றுக்கும் ஹத்பஸ்த் என்னும் வருவாய் எல்லை எண் உண்டு. அந்த எண்ணுக்குரிய எல்லை வயல், வாய்க்கால், புறம்போக்கு என எல்லாவற்றையும் சுற்றி வளைத்துக்கொண்டு போகும். அதன் நடுவே குடியிருப்பைச் சுற்றிப் பழைய வருவாய் வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதுதான் லால் லகீர். கோட்டுக்குள் குருத்வாரா, பட்டிகள் என்னும் ஊர்ப்பிரிவுகள், ஜாட் வீடுகள், ஓரத்தில் தலித்துகளின் குடியிருப்பான வேஹ்ரா. இவற்றைச் சுற்றி ஃபிர்னி என்னும் வட்டச் சாலை. கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியராக இருப்பார். அவர் நடப்பது இந்த ஃபிர்னிக்குள்தான்.

ஆனால் ஊர் எப்போதோ கோட்டைத் தாண்டிவிட்டது. வசதியுள்ளவர்கள் வயலுக்குள் வீடு கட்டிப் போய்விட்டார்கள். அதை டேரா என்பார்கள், ஃபசில்கா, அபோஹர் பக்கம் டாணி என்பார்கள். ஆழ்குழாய்க் கிணற்றை ஒட்டிய மோட்டர் அறைகளில் பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்கள். போதாததற்குச் செங்கல் சூளைகள், கோழிப் பண்ணைகள், அரிசி ஆலைகள், கரும்பு பிழிந்து வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள். வீட்டுக்கு உரிமைச் சான்று தரும் ‘மேரா கர் மேரே நாம்’ திட்டத்துக்காக டிரோன் விட்டு எடுத்த வரைபடங்கள் லால் லகீருக்குள் இருக்கும் வீடுகளுக்கானவை. ஒரு கணக்கெடுப்பாளருக்கு ஒதுக்கும் பகுதியான கணக்கெடுப்புத் தொகுதியை அவற்றை வைத்து வரைந்தால், வெளியே உள்ளவர்கள் வரைபடத்திலேயே இல்லாமல் போவார்கள்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை இது. ஒவ்வொரு தொகுதியின் எல்லையும் ஹத்பஸ்த் எல்லையில் போய் முட்ட வேண்டும். ஊரின் வருவாய்க் கணக்கரான பட்வாரியிடம் உள்ள துணி வரைபடத்தின் நகலைக் கணக்கெடுப்பாளரிடம் கொடுங்கள். வயல்வெளியைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டு எந்தத் தொகுதிக்கு என்று முதல் சுற்றான வீட்டுப் பட்டியல் எடுக்கும்போதே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால், ‘அது அடுத்த வாத்தியாருடையது’ என்று இருவரும் விட்டுவிடுவார்கள். சரிபார்க்க இரண்டு பட்டியல்கள் தயாராகவே இருக்கின்றன. மின்வாரியத்தின் துணைக்கோட்ட அலுவலகத்தில் வேளாண் மின் இணைப்புகளின் ஊர்வாரிப் பட்டியல் இருக்கிறது. மாநிலத்தில் இருக்கும் ஆழ்குழாய்க் கிணறுகள் சுமார் 14 லட்சம். எல்லாக் கிணற்றடியிலும் ஆள் இருக்கமாட்டார்கள், ஆனால் எந்தெந்த இடத்துக்கு நடந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் தெரிந்துவிடும். இன்னொன்று, மாவட்ட உணவு வழங்கல் அலுவலகத்தில் உள்ள செங்கல் சூளை உரிமப் பட்டியல்.

மோட்டர் அறை எப்படி விடுபடுகிறது என்று சொல்கிறோம். நில உரிமையாளரின் வீட்டு வாசலில் நின்று ‘உங்கள் வீட்டில் எத்தனை பேர்?’ என்று கேட்டால் அவர் தன் குடும்பத்தை மட்டும்தான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, கேள்விக்குப் பதில் சொல்கிறார். ‘உங்கள் நிலத்தில் இரவு யார் தூங்குகிறார்கள்?’ என்று அடுத்ததாகக் கேட்டால்தான் மோட்டர் அறையில் இருக்கும் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் வெளியே வருவார்கள். 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரையிலான இருபது நாளும் ஓரிடத்தில் இருந்தவர் அந்த இடத்தில்தான் எண்ணப்பட வேண்டும் என்பது விதி. சொந்த ஊர் எது, ரேஷன் அட்டை எங்கே, வாக்கு எங்கே என்ற கேள்விகளுக்கு அதில் இடமே இல்லை. ‘இவர்கள் நம்ம ஊர்க்காரர்கள் இல்லையே’ என்ற பேச்சில் கணக்கெடுப்பாளரும் மயங்கிவிடுகிறார். பயிற்சி வகுப்பில் இந்த ஒரு வாக்கியத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கினாலும் தகும்.

சூளையில் தவறு வேறு விதம். சூளைக் கணக்கரான முன்ஷியின் பதிவேட்டில் ஆள் பட்டியல் சுத்தமாக இருக்கும். அதைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிடத் தோன்றும். அந்தப் பதிவேடு முன்பணக் கணக்கு. முன்பணம் குடும்பத் தலைவன் பெயரில்தான் தரப்படுகிறது, அதனால் அவன் பெயர் மட்டும்தான் அதில் இருக்கும். மண் குழைத்துக் கல் அறுப்பது முழுக் குடும்பமும். மனைவியும் பத்து வயதுப் பிள்ளையும் கூட. முப்பது பெயர் உள்ள பதிவேட்டின் பின்னால் நூற்றுக்கும் மேல் ஆட்கள் இருப்பது சாதாரணம். எனவே குடிசை குடிசையாகத்தான் போக வேண்டும். கல் அறுப்பவர்களைச் சாதாரணக் குடும்பமாக எழுதலாம். நெருப்புப் போடும் ஆண்கள் உறவினர் அல்லாத குழுவாக ஒரே சமையலில் சாப்பிட்டால் அவர்களைத் தனி ஒரு குடும்பமாக எழுத வேண்டும். இரண்டையும் ஒரே படிவத்தில் கலந்துவிட்டால் அந்த ஊரின் ஆண்-பெண் விகிதமும் குடும்ப அளவும் பொருளற்றுப் போகும்.

பருவத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். நாற்று நட வருபவர்கள் ஜூனில்தான் வருகிறார்கள். நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் போட்ட சட்டம் அதற்கு முன் நடவு செய்யக் கூடாது என்று தேதி குறித்ததிலிருந்து அந்தக் கூட்டம் சில வாரங்களுக்குள் நெருக்கியடித்து வருகிறது. பிப்ரவரியில் அவர்கள் பீகாரில் இருப்பார்கள், அங்கேயே எண்ணப்படுவார்கள், அது சரி. ஜலந்தர், கபூர்தலா பக்கம் பிப்ரவரியில் உருளைக்கிழங்கு தோண்ட வந்திருப்பவர்கள் வேறு. அவர்கள் வயலோரக் கொட்டகையில் இருப்பார்கள், முந்தைய கோடையில் எடுத்த வீட்டுப் பட்டியலில் அந்தக் கொட்டகையே இருந்திருக்காது. எருமைகளோடு மலையிலிருந்து இறங்கிப் பதான்கோட், ஹோஷியார்பூர் சமவெளியில் குளிர்காலம் கழிக்கும் குஜ்ஜர்களின் நிலையும் இதுவே. கோடையில் போய்ப் பட்டியலிட்டால் அவர்கள் மலைமேல் இருப்பார்கள். மலையில் பனி சூழும் பகுதிகளுக்கு ஆதார நாள் 2026 அக்டோபர் 1 என்பதால், அங்கேயும் இங்கேயும் இருமுறை எண்ணப்படவும் கூடும், இரண்டிலும் விட்டுப்போகவும் கூடும். ஆட்களை எண்ணும் இரண்டாம் சுற்று தொடங்குவதற்கு முந்தைய வாரம் கணக்கெடுப்பாளர் தன் எல்லையை ஒருமுறை முழுவதும் சுற்றி வந்து புதிய கொட்டகைகளைச் சேர்க்க வேண்டும். குஜ்ஜர்களிடம் ‘செப்டம்பர், அக்டோபரில் எங்காவது பெயர் எழுதினார்களா?’ என்ற ஒற்றைக் கேள்வி போதும். வீடற்றோரை எண்ணும் கடைசி நாள் இரவில் மண்டிகளையும் பேருந்து நிறுத்தங்களையும் மட்டும் சுற்றாமல், கிராமத்துச் சாலையோர ஜுக்கிக் குடிசைகளுக்கும் ஆள் அனுப்புங்கள்.

இனி ஊரை விட்டுப் போனவர்கள். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் 44 கிராமங்களில் நடத்திய ஆய்வு, சுமார் 13 சதவீதக் கிராமக் குடும்பங்களில் ஒருவராவது வெளிநாடு போயிருப்பதாகக் காட்டியது. சட்லஜுக்கும் பியாஸுக்கும் இடைப்பட்ட தோவாப் பகுதியில் பூட்டிய மாளிகைகளைக் காணாமல் ஒரு தெருவைக் கடக்க முடியாது. மாடித் தண்ணீர்த் தொட்டி விமான வடிவிலும் கால்பந்து வடிவிலும் இருக்கும், உள்ளே ஆள் இருக்காது. இங்கே பிழை எதிர்த்திசையில் நடக்கிறது. இல்லாதவர்கள் எண்ணப்படுகிறார்கள். கனடாவில் ஆறு ஆண்டாக இருக்கும் மகனைத் தாய் ‘நம்ம வீட்டு ஆள்தானே’ என்று சொல்லி எழுதச் சொல்வார். பெயரை விட்டுவிட்டால் நிலப் பங்கில் சிக்கல் வருமோ என்ற பயமும் உண்டு. கணக்கெடுப்பில் எழுதுவதற்கும் நில உரிமைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று பஞ்சாபி எழுத்தான குருமுகியில் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டு இந்தப் பயத்தைத் தீர்க்கும். சுயமாக இணையத்தில் பதிவு செய்யும் வசதியிலும் இதே கண்ணி இருக்கிறது. ஊரில் இல்லாதவர் முழுக் குடும்பத்தையும் தொலைவிலிருந்து நிரப்பிவிட முடியும். அப்படி வந்த பதிவு ஒவ்வொன்றையும் கணக்கெடுப்பாளர் வாசலுக்குப் போய், அந்த நாட்களில் யார் இருந்தார்கள் என்று பெயர் பெயராகக் கேட்ட பிறகே ஏற்க வேண்டும்.

பூட்டிய மாளிகையின் பின்பக்க அறையில் ஒரு காவல்காரக் குடும்பம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அறை அவர்களுடைய குடியிருப்பு, மாளிகை காலி. இதைப் பிரித்து எழுதாவிட்டால், நான்கு குளியலறையும் பளிங்குத் தரையும் ஒரு கூலிக் குடும்பத்தின் கணக்கில் ஏறி, அந்த ஊரின் வறுமை காகிதத்தில் மறைந்துவிடும். முதிய பெற்றோர் இருந்து, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவர்களோடே தங்கியிருந்தால் அடுப்பைக் கேளுங்கள். ஒரே அடுப்பில் சாப்பிட்டால் அவர் அந்தக் குடும்பத்தின் உறுப்பினர், தனி அடுப்பு என்றால் தனிக் குடும்பம். வெளிநாட்டில் இருப்போர் எண்ணிக்கையைக் கேட்க இந்தப் படிவத்தில் இடமில்லாவிட்டால், வயது, பாலினம், எந்த ஆண்டில் வெளிநாடு போனார் என்ற மூன்றே கேள்விகள் கொண்ட தனித்தாளை மாநில அரசு கூடவே அனுப்பலாம். இருபதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில் ஆளே இல்லாத ஊர்களுக்குப் பள்ளி, மருந்தகம், முதியோர் கவனிப்பு ஆகியவற்றைத் திட்டமிட அந்தத் தாள் இல்லாமல் முடியாது.

எங்களுக்கு மிகவும் மனத்தாங்கல் உள்ள இடத்துக்கு வருகிறோம். பஞ்சாபில் வேலை செய்யும் பெண்களின் பங்கு 2001-இல் 19 சதவீதமாக இருந்து 2011-இல் 13.9 ஆகக் குறைந்தது. கணக்கெடுப்பின் வரையறை என்ன சொல்கிறது தெரியுமா? வீட்டுத் தேவைக்கு மட்டும் பால் உற்பத்தி செய்பவரும் உழைப்பாளர்தான் என்கிறது. பஞ்சாபின் எந்தக் கிராமத்துக்குள் நுழைந்தாலும் எருமை கட்டிய வீடுகள் பல கண்ணில் படும். விடியுமுன் கறப்பது, தீவனம் வெட்டி இயந்திரத்தில் நறுக்குவது, சாணம் அள்ளி வரட்டி தட்டுவது, மாலையில் பால்காரரான தோதியிடமோ வெர்கா கூட்டுறவு மையத்திலோ பால் கொண்டு போய் ஊற்றுவது என எல்லாமே பெரும்பாலும் பெண்களின் கையில். வரையறையும் சரி, உழைப்பும் கண்முன்னே இருக்கிறது. இடையில் கேள்விதான் கெடுக்கிறது. ‘வீட்டில் பெண்கள் வேலைக்குப் போகிறார்களா?’ என்று கட்டிலில் உட்கார்ந்திருக்கும் ஆணிடம் கேட்கிறார்கள். ‘இல்லை, வீட்டு வேலைதான்’ என்று அவர் சொல்லிவிடுகிறார். அடுத்த கட்டத்தில் உழைப்பாளர் அல்லாதவர் என்று பதிவாகிறது.

வரிசையை மாற்றுங்கள். முதலில் மாடு எத்தனை என்று கேளுங்கள். அடுத்து யார் கறக்கிறார், தீவனம் யார் வெட்டுகிறார், பால் விற்கிறீர்களா என்று கேளுங்கள். பெயர் வந்தபின், ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேலா, குறைவா என்று கேட்டால் முதன்மை உழைப்பாளரா குறுங்கால உழைப்பாளரா என்பது தானே தெரிந்துவிடும். கைப்பேசிச் செயலியில் எண்ணும் காலம் இது; கேள்வியின் கீழ் இந்த நான்கு வரி உதவிக் குறிப்பைச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. வாய்ப்பிருக்கும் இடத்தில் பதிலைப் பெண்ணிடமே வாங்குங்கள். பருத்தி பொறுக்கவும் உருளைக்கிழங்கு எடுக்கவும் போகும் வேஹ்ராப் பெண்களுக்கும் இதே கேள்விமுறை வேண்டும். அவர்கள் நாளுக்கொரு வயலில் கூலி வேலை செய்வதால் ‘வேலை இல்லை’ என்றே தங்களைச் சொல்லிக்கொள்வார்கள்.

சாதிக் கேள்வி இம்முறை எல்லோருக்கும் உண்டு. இந்தியாவின் மாநிலங்களில் பட்டியல் சாதியினரின் பங்கு பஞ்சாபில்தான் மிக அதிகம். 2011-இல் 31.94 சதவீதம், கிராமப்புறத்தில் மட்டும் பார்த்தால் 37-ஐத் தாண்டும். ஷஹீத் பகத் சிங் நகர் மாவட்டத்தில் 42-க்கும் மேல். 2001-இல் 28.9 ஆக இருந்தது பத்தாண்டில் மூன்று புள்ளி ஏறியதைப் பலர் பிறப்பு விகிதத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள். அது தவறு. 2007-இல் ராய் சிக்குகள் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். சட்லஜ் கரையோர ஃபெரோஸ்பூர் மாவட்டத்தின் எண் துள்ளியதற்கு அதுவே முக்கியக் காரணம். வரப்போகும் அட்டவணையில் இத்தகைய பட்டியல் மாற்றங்களை அடிக்குறிப்பாகப் போட்டால் வீண் வதந்தி கிளம்பாது.

சாதிப் பெயரை எழுதுவதில்தான் பெரும் குழப்பம் வரும். 2011-இன் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் அவரவர் சொன்னதை அப்படியே எழுதியதில் நாடு முழுக்க 46 லட்சம் ‘சாதிப் பெயர்கள்’ குவிந்து, சாதிவாரி எண்ணிக்கையை வெளியிட முடியாமல் போனது. பஞ்சாபில் சாதி என்ன என்று கேட்டால் சித்து, கில், சந்து என்று கோத் எனப்படும் குலப்பெயரைச் சொல்வார்கள். ‘சிங்’ என்பார்கள், ‘கால்ஸாவுக்கு (தீட்சை பெற்ற சீக்கியருக்கு) சாதி ஏது?’ என்பார்கள். கோத் ஒன்றே பல சாதிகளில் இருக்கிறது. கில் ஜாட்டிலும் உண்டு, பட்டியல் சாதியான மஜ்ஹபியிலும் உண்டு. கோத்தை வைத்துச் சாதியை ஊகிக்கக் கணக்கெடுப்பாளரை அனுமதிக்கவே கூடாது. செயலியில் குருமுகியில் பெயர்ப்பட்டியல் இருக்கட்டும். ராம்கடியா என்றால் தர்க்கான், லோஹார் என்ற மாற்றுப் பெயர்களும் கூடவே தெரியட்டும். கோத்துக்குத் தனிக் கட்டம் வையுங்கள்.

மதக் கேள்வியோடு இது பின்னிக்கிடக்கிறது. பட்டியல் சாதியாகப் பதிய இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். தோவாபில் 2010-க்குப் பின் ரவிதாஸியா என்பதையே மதமாகச் சொல்வோர் உண்டு. செயலியில் மதம் ‘பிற’ என்று விழுந்ததும் சாதிக் கட்டம் பூட்டிக்கொண்டால், பட்டியல் சாதியான ஆத்-தர்மி ஒருவர் பட்டியல் சாதி எண்ணிக்கையிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போவார். இரண்டு பதிலையும் அவர் சொன்னபடி பதிந்துகொண்டு, வகைப்படுத்தலை அலுவலகத்தில் செய்யுங்கள். 1931 கணக்கெடுப்பில் தலித் தலைவர் மங்கு ராமின் இயக்கம் போராடி, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களை ஆத்-தர்மி என்றே பதிந்துகொண்ட மண் இது. இதே பஞ்சாபில் 1951-இல் தாய்மொழிச் சண்டை முற்றி, இந்தியையும் பஞ்சாபியையும் பிரித்து அட்டவணை போடவே முடியாமல் போனதும் உங்கள் பதிவுகளில் இருக்கிறது. வாசலில் நிற்பவர் தன் விருப்பத்தை எழுதத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

இந்த எண்கள் வெறும் அட்டவணைக்கு அல்ல. ஊர்ப் பொதுநிலத்தில் சாகுபடிக்கு ஏலம் விடும் பகுதியில் மூன்றில் ஒரு பங்கு பட்டியல் சாதியினருக்கு என்பது விதி. பஞ்சாயத்துத் தலைவரான சர்பஞ்சின் பதவி ஒதுக்கீடும் வார்டு எண்ணிக்கையும் மக்கள்தொகையைப் பொறுத்தவை. ஆனால் கணக்கெடுப்பு வருவாய்க் கிராமவாரியாக வருகிறது, தேர்தல் பஞ்சாயத்துவாரியாக நடக்கிறது. கிராமங்கள் 12,581 இருக்க, பஞ்சாயத்துகள் 13,000-க்கும் மேல். ஒரே ஹத்பஸ்த் எண்ணுக்குள் இரண்டு, மூன்று பஞ்சாயத்துகள் இருக்கும் இடங்களில் எந்தப் பஞ்சாயத்துக்கு எத்தனை பேர் என்று அலுவலகத்தில் உட்கார்ந்து பங்கு பிரிக்கிறார்கள். இதற்குச் சுலபமான வழி உண்டு. தொகுதி எதுவும் பஞ்சாயத்து எல்லையைக் குறுக்கே வெட்டக் கூடாது என்று இப்போதே ஆணையிடுங்கள். பிறகு தொகுதிகளைக் கூட்டினால் பஞ்சாயத்துக் கணக்கும் வந்துவிடும், கிராமக் கணக்கும் வந்துவிடும்.

வெளியிடுவதிலும் பொறுப்பு வேண்டும். 0–6 வயதில் ஆயிரம் ஆணுக்கு இத்தனை பெண் என்ற எண், மாநிலத்துக்கு 2001-இல் 798, 2011-இல் 846. இது பெருந்தொகையில் எடுத்தது, நம்பலாம். 1,500 பேர் உள்ள ஊரில் அந்த வயதில் சுமார் 160 பிள்ளைகள் இருப்பார்கள். இயல்பாகவே 82 ஆண், 78 பெண் என்றால் விகிதம் 951. தற்செயலாக ஆறு பிள்ளைகள் ஆண் பக்கம் போனால் 818, பெண் பக்கம் வந்தால் 1,105. கருவிலேயே கொல்லும் ஊர், பெண்ணைப் போற்றும் ஊர் என்று இரண்டையும் செய்தியாக்கிவிடுவார்கள், ஊர் ஒன்றும் செய்திருக்காது. கிராம அளவில் எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள், விகிதத்தை வட்டார அளவிலிருந்து கொடுங்கள்.

காலமும் முக்கியம். 2011-இன் கிராமவாரி முதன்மைச் சுருக்கம் 2013 ஏப்ரல் இறுதியில்தான் வந்தது. இம்முறை பதிவு செயலியிலேயே நடப்பதால் ஓராண்டுக்குள் கொடுக்க முடியும். கொடுக்கும்போது குருமுகியிலும் கொடுங்கள். 2011-இன் ஆறு இலக்கக் கிராமக் குறியீடு, ஹத்பஸ்த் எண், புதிய குறியீடு, பஞ்சாயத்தின் பெயர் ஆகிய நான்கையும் ஒரே வரிசையில் வைத்த பொருத்தப் பட்டியல் ஒன்றும் கூடவே வர வேண்டும். 2011-இன் அட்டவணையில் மாவட்டங்கள் 20, இன்று 23. பதான்கோட்டின் கிராமங்கள் குர்தாஸ்பூருக்குள்ளும், ஃபசில்காவின் கிராமங்கள் ஃபெரோஸ்பூருக்குள்ளும், மலேர்கோட்லாவின் கிராமங்கள் சங்ரூருக்குள்ளும் கிடக்கின்றன. அந்தப் பட்டியல் இல்லாமல் பதினாறு ஆண்டு மாற்றத்தை ஒரு கிராமத்துக்குக்கூட யாராலும் ஒழுங்காகக் கணக்கிட முடியாது. எண்ணும் பணி தொடங்குமுன்பே அதை வெளியிட்டால், எல்லையில் உள்ள தவறுகளை ஊர்ப் பஞ்சாயத்துகளே பார்த்துத் திருத்தித் தருவார்கள்.

இப்படிக்கு,
கிராமவாரிக் கணக்குகளோடு பணிபுரியும் தமிழ் வாசகர்கள் சிலர்